நாலு கார், பதினைந்து பேர், 620 கிலோமீட்டர் மண் சாலை: வாசகர் கேள்வி–பதில்

ஜூலை பள்ளி விடுமுறை நெருங்குவதால் இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சாலையைப் பற்றியவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீ என்ற ஊரில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா டிராக்தான் அது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பம், மொத்தம் பதினைந்து பேர். மெல்பர்னிலிருந்து ஊலுரு பாறைக்குப் போகிறோம். தார்ச் சாலையில் போனால் என்ன சுவாரஸ்யம், ஊட்னடாட்டா வழியாகப் போவோம் என்று ஒரு நண்பர் பிடிவாதமாக நிற்கிறார். கைவசம் மூன்று எஸ்யூவி, ஒரு செடான். போகலாமா? (டான்டெனாங் வாசகர்)

பதில்: செடானை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும் முன் ஒப்பந்தத்தில் 'மண் சாலை அனுமதி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு அது இருக்காது. அனுமதியில்லாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது. இரவில் ஓட்டத் தடை இருக்கிறதா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். தடை இல்லாவிட்டாலும் ஓட்டாதீர்கள். பொழுது சாய்ந்தால் கங்காரு, மாடு எல்லாம் சாலைக்கு வரும்.

மழையில்லாத வாரத்தில், தரையிலிருந்து நல்ல உயரமுள்ள எஸ்யூவி இந்தச் சாலையைத் தாங்கும். தடங்கல் எஞ்சினில் வருவதில்லை, டிக்கியில்தான் வரும். திறந்து பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் சரி. மெலிந்த தற்காலிகச் சக்கரமோ, ஓட்டை அடைக்கும் வெறும் நுரை டப்பாவோ இருந்தால் அந்த வண்டி இந்தப் பயணத்துக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். பாலைவனத்தில் பரவிக் கிடக்கும் கிப்பர் கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் நுரை அடைக்காது. அதே அளவில் ஒரு முழுச் சக்கரத்தை ரிம்மோடு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

மரீயிலிருந்து வில்லியம் க்ரீக் சுமார் 205 கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, அங்கிருந்து மார்லா 210. ஒரே நாளில் ஓட்டி முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது புழுதி மட்டும்தான். குழந்தைகளோடு போனால் மூன்று இரவு வையுங்கள். முதல் இரவு கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம், மரீயிலிருந்து 130 கிலோமீட்டர். இரண்டாவது அல்ஜிபக்கினா ரயில் பாலத்தருகே. மூன்றாவது ஊட்னடாட்டா ஊரில். நான்காம் நாள் மார்லாவில் தார்ச் சாலை பிடித்தால் ஊலுருவுக்கு இன்னும் 500 கிலோமீட்டர் இருக்கும்.

நடுவில் மனம் மாறினால் தப்பிக்க இரண்டு வழி உண்டு. வில்லியம் க்ரீக்கிலிருந்தும் ஊட்னடாட்டாவிலிருந்தும் கூபர் பீடிக்கு மண் சாலைகள் பிரிகின்றன. இதை நான்கு ஓட்டுநர்களும் வரைபடத்தில் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது.

கேள்வி: மண் சாலையில் டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் டயர் சூடாகி வெடிக்காதா? (சிட்னி, டூங்காபி வாசகர்)

பதில்: வெடிக்கும், வேகத்தையும் சேர்த்துக் குறைக்காவிட்டால். சண்டை காற்றுக்கும் வேகத்துக்கும் நடுவில்தான்.

முழுக் காற்றோடு கூரான கல்மேல் ஏறும் டயர் விறைப்பாக நிற்கும், அதனால் கல் குத்தும். கொஞ்சம் தளர்ந்திருந்தால் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும். ஆனால் தளர்ந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி விரிவதால் சூடேறும். வேகம் கூடக்கூடச் சூடும் கூடும். தார்ச் சாலையில் 36 பி.எஸ்.ஐ வைக்கும் வண்டிக்கு, சுமையோடு மண் சாலையில் 28 முதல் 30 பொருத்தம். உச்ச வேகம் 80. மணலில் சிக்கினால் 18 வரை இறக்கலாம், ஆனால் அப்போது 40-ஐத் தாண்டக் கூடாது, கெட்டியான தரைக்கு வந்ததும் உடனே ஏற்ற வேண்டும். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். நாலு வண்டிக்கு இரண்டு கம்ப்ரஸர் போதும்.

நீங்கள் வைத்த அளவு சரிதானா என்று வண்டியே சொல்லிவிடும். காலையில் குளிர்ந்த டயரில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்தி மறுபடி அளந்தால் சுமார் 4 பி.எஸ்.ஐ ஏறியிருக்க வேண்டும். 7, 8 ஏறியிருந்தால் காற்று குறைவு, அல்லது வேகம் அதிகம், அல்லது சுமை அதிகம். ஏறவே இல்லை என்றால் காற்று இன்னும் கூடுதலாக இருக்கிறது. நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அதில் மெல்லக் காற்று இறங்குகிறது. அங்கேயே பிடித்துவிட்டால் பத்து நிமிட வேலை. விட்டுவிட்டால் டயர் நார்நாராகப் போய்விடும்.

பத்து நிமிட வேலை இதுதான். குத்திய ஆணியைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். முதலில் பங்க்சர் கிட்டைத் திறந்து, ரப்பர் கயிற்றை ஊசிக் காதில் பாதி வரை கோத்து, பசை தடவித் தயாராக வையுங்கள். பிறகு ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பிடுங்கி, அதே சாய்வில் அரத்தை விட்டு நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகள் கயிற்றை அறுக்காமல் இருக்கத்தான் இந்த அரம். கயிறு ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை ஊசியை அழுத்தி, வெடுக்கென்று ஒரே இழுப்பில் ஊசியை உருவினால் கயிறு உள்ளே தங்கிவிடும். மெதுவாக இழுத்தால் ஊசியோடு வந்துவிடும். மிச்சத்தை வெட்டிவிட்டு, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் தரையில் படும் பகுதிக்கு மட்டும். பக்கவாட்டில் ஓட்டை என்றால் ஸ்டெப்னிதான். ஜாக்கியின் அடியில் வைக்க ஓர் அடி சதுரத்தில் தடிமனான பலகை வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மேலே போகாது, ஜாக்கி மண்ணுக்குள் போகும்.

கேள்வி: ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எரிபொருள்? கூரைமேல் பெட்ரோல் கேன் கட்டலாம் என்கிறார் ஒருவர். (அடிலெய்டு வாசகர்)

பதில்: குளிர்காலத்தில், குளியல் இல்லாமல், ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டர். குடிக்க 4, சமையலுக்கு 2, மிச்சம் பல்லுக்கும் பாத்திரத்துக்கும். சாலை அடைபட்டு உட்கார நேர்ந்தால் என்று, நாளைக்கு ஆளுக்கு 5 லிட்டர் வீதம் இரண்டு நாளுக்குத் தனியாக. முதல் கேள்வி கேட்டவரின் பதினைந்து பேரையே எடுத்துக்கொண்டால், மூன்று நாளுக்கு 315 லிட்டர், இருப்பு 150 லிட்டர், ஆக 465. நாலு வண்டிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் கேன் ஆறு. ஒரே பெரிய தொட்டியாக வைக்கக் கூடாது. குலுக்கலில் ஓர் இடத்தில் விரிசல் விட்டால் எல்லாத் தண்ணீரும் போய்விடும்.

ஆறு கேன் என்றால் 120 கிலோ. ஆட்களும் சாமானும் ஏறியபின் இது வண்டியின் அனுமதித்த எடைக்குள் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். வைக்க வேண்டிய இடம் தரைமட்டத்தில், பின் சக்கர அச்சுக்கு முன்னால். ஊர்களில் குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி உப்பு நீர். குளிக்கலாம், குடிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிபொருளுக்குப் பெரிய இடைவெளியே 210 கிலோமீட்டர்தான். மரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, மார்லா நாலிலும் நிரப்பிக்கொண்டே போனால் கேனே தேவையில்லை. கூரைமேல் கட்டுவது வேண்டவே வேண்டாம். கூரையின் எடை வரம்பு பல எஸ்யூவிகளில் 75 கிலோதான், அதில் கம்பிச்சட்டத்தின் எடையும் சேர்த்தி. சலவைப் பலகை போல வரிவரியாக இருக்கும் இந்தச் சாலையில் முதலில் விரிசல் விடுவது அந்தச் சட்டத்தின் கால்கள்தான்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. மத்திய ஆஸ்திரேலியாவில் பல பெட்ரோல் பங்க்குகளில் சாதா பெட்ரோலுக்குப் பதில் ஓபல் என்று ஒன்று இருக்கும். பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுக்க, ஆவியில் போதை தரும் பொருள்களைக் குறைத்து 2005-இல் கொண்டுவந்தது. 91 ஆக்டேனில் ஓடும் வண்டிக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

கேள்வி: நாலு வண்டியும் ஒன்றையொன்று தவறவிடாமல் போக என்ன வழி? (பிரிஸ்பேன் வாசகர்)

பதில்: வண்டிக்கு ஒரு யூ.எச்.எஃப் ரேடியோ (வாக்கி-டாக்கி மாதிரி), 5 வாட். சேனல் 12 மாதிரி ஏதாவது ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு, 22, 23 பேச்சுக்கே அல்ல, 40 லாரிக்காரர்களுடையது. புழுதி அடங்கும் தூரம் விட்டுத்தான் பின்வண்டி வர வேண்டும். காற்றில்லாத நாளில் அது ஒரு கிலோமீட்டர்கூட ஆகும், அதனால் முன்வண்டியைக் கண்ணால் தொடர முடியாது. விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. எந்தத் திருப்பத்திலும் பின்வண்டி உங்களைப் பார்க்கும்வரை நகராதீர்கள். பகலிலும் விளக்கு எரியட்டும். எதிரே ரோடு டிரெய்ன், அதாவது பல பெட்டிகளை இழுத்து வரும் லாரி, வந்தால் இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். நீளம் 53 மீட்டர் வரை இருக்கும். அது போனதும் கிளம்பாதீர்கள், அதன் புழுதிக்குள் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். பதினைந்து பேருக்குச் சமையல் என்னிடம் விழுந்திருக்கிறது. எதை எடுத்துப் போவது, எதை விடுவது? போன வருடம் வேறோர் இடத்தில் கேம்ப் போட்டபோது விடியற்காலையில் கேஸ் அடுப்பு பற்றவே இல்லை. புது கேன்தான். ஏன்? (கிளேட்டன் வாசகி)

பதில்: அடுப்பு கெட்டுப்போகவில்லை, குளிரில் கேஸ்தான் எழும்பவில்லை. அந்தச் சின்ன உருளைக் கேன்களில் இருப்பது பியூட்டேன். மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். 'எங்களுக்கு 5 டிகிரிதானே இருந்தது' என்பீர்கள். கேஸ் ஆவியாகும்போது கேனே குளிர்ந்துவிடும், அதனால் வெளியே 5 இருந்தாலும் உள்ளே பூஜ்யத்துக்குப் போய்விடும். பாலைவனத்தில் ஜூலை விடியலில் 5, 6 டிகிரி சாதாரணம், சில நாள் பூஜ்யத்தையும் தொடும். குளிரிலும் எழும்பும் 4 கிலோ எல்.பி.ஜி சிலிண்டரும் இரட்டை பர்னர் அடுப்பும் கொண்டுபோங்கள். சிறிய கேன்தான் இருக்கிறது என்றால் இரவில் அதைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். தீயில் காட்டிச் சூடாக்கும் வேலை வேண்டாம். எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது காய்கறி. பழ ஈ பரவாமல் இருக்க, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழங்களும் காய்க்கிற காய்கறிகளும் கொண்டுவரத் தடை. தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை எல்லாம் இதில் அடக்கம். மில்டுரா வழியாகப் போனால் மாநில எல்லையருகே யம்பாவில் நிறுத்திச் சோதிப்பார்கள். மறந்து வைத்திருந்தேன் என்றாலும் அபராதம்தான். வீட்டிலேயே வதக்கித் தொக்காக்கிவிட்டால் தடையில்லை. பச்சையாக வேண்டியவற்றை போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேலே போகப் போகக் காய்கறி வாடியிருக்கும், விலை ஏறியிருக்கும்.

முதல் இரண்டு நாளுக்குப் புளிக்காய்ச்சல் கைகொடுக்கும். எண்ணெய் மிதக்கக் காய்ச்சியது ஃபிரிட்ஜ் கேட்காது, சோறு மட்டும் வடித்தால் போதும். பருப்பு, சாம்பார், குருமா மூன்றையும் கெட்டியாகச் செய்து, தட்டையான பொட்டலங்களாக உறையவைத்துக் கொண்டுபோனால் 12 வோல்ட் ஃபிரிட்ஜில் பனிக்கட்டி வேலையையும் அதுவே பார்க்கும். பிரஷர் குக்கர் கட்டாயம். திறந்த பாத்திரத்தில் ஆவியாகப் போகும் தண்ணீர் மிச்சம், கேஸும் மிச்சம். பதினைந்து பேருக்கு ஒன்றரை கிலோ அரிசி, 10 லிட்டர் குக்கரில் இரண்டு ஈடு. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்துக் கழுவினால் முழுப் பாத்திரத்துக்கும் இரண்டு லிட்டர் தாண்டாது.

கட்டும் விதம் முக்கியம். குலுக்கலில் அலுமினிய டின்கள் ஒன்றோடொன்று உரசி, இரண்டே நாளில் ஊசித் துளை விழுந்து, டிக்கி முழுக்கப் பிசுபிசுக்கும். ஒவ்வொரு டின்னையும் பழைய சாக்ஸுக்குள் போடுங்கள். ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம். நெய் டப்பா மூடிக்கு டேப் சுற்றுங்கள், அது தானாகக் கழன்றுகொள்ளும். மாவு, ரவை, பொடி வகைகள் ரப்பர் விளிம்புள்ள பெட்டியில் இருக்கட்டும். இந்த ஊர்ப் புழுதி டால்கம் பவுடர் மாதிரி, சாத்திய கதவுக்குள்ளும் வரும்.

ஃபிரிட்ஜை வண்டியின் முதன்மை பேட்டரியில் இரவெல்லாம் ஓடவிட்டால் காலையில் எஞ்சின் எழும்பாது. தனி பேட்டரி, அல்லது குறைந்தது மின்னழுத்தம் இறங்கினால் தானே துண்டிக்கும் கருவி தேவை.

கேள்வி: வழியில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா? (ஹோபார்ட் வாசகர்)

பதில்: முடியாது. சாலையின் இருபுறமும் மாட்டுப் பண்ணைகள். குத்தகை நிலம்தான், ஆனால் ஒரு பண்ணையே ஒரு மாவட்டத்தைவிடப் பெரிது. வில்லியம் க்ரீக்கைச் சுற்றியுள்ள அன்னா க்ரீக் உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்று. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளித்தான் தங்க வேண்டும். ஆள் இருந்தால் மாடு தண்ணீருக்கு வராது, அடுத்த தொட்டி எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். நாலாவது வண்டி செய்யும் வேலை இது, முதல் வண்டி செய்வதல்ல.

காய்ந்த ஓடையின் மணல் படுக்கை மெத்தை மாதிரி இருக்கும், ஆசை காட்டும். நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை நள்ளிரவில் அங்கே வந்து நிற்கலாம். கரையில் நிற்கும் பெரிய ரிவர் ரெட் கம் மரத்தடியும் வேண்டாம். காற்றே இல்லாத நாளில் தொடை பருமன் கிளையைச் சட்டென்று உதிர்க்கும் மரம் அது. மரத்தின் உயரம் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள்.

விறகைப் பூங்கா எல்லைக்குள் பொறுக்கத் தடை. தீ மூட்ட அன்றைக்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிறியதாக மூட்டுங்கள். ஆற்றுக் கூழாங்கல்லை அடுப்புக்கு அணை வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து வெடிக்கும். அணைக்கும்போது மண் போட்டு மூடுவதுதான் நம் பழக்கம். அதுதான் ஆபத்து. மண்ணுக்கடியில் கங்கு விடியும்வரை சூடாக இருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது வெறும் மண்ணாகத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்து விடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவும் அப்பாவும் வந்து நிக்கினம். இருவருக்கும் எழுபது வயது. அவையையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? குளிர் தாங்குவினமோ? (சிட்னி, வென்ட்வொர்த்வில் வாசகி)

பதில்: தாராளமாக, தரையில் படுக்க வைக்காவிட்டால். பகலில் 20 டிகிரி இதமான வெயில் இருக்கும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சுவது தரைதான். இருவருக்கும் மடக்குக் கட்டில் வாங்குங்கள். குனிந்து எழும்பும் முழங்கால் வலியும் மிச்சம். கட்டிலின் கீழ் காற்று ஓடும் என்பதால், கட்டிலுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நடுவில் ஒரு தடித்த மெத்தை வேண்டும், காற்றடைத்த மெத்தை மட்டும் போதாது. ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 0 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். 'லிமிட்' என்ற எண்ணை நம்பாதீர்கள்.

ஸ்வாக் எனப்படும் கான்வாஸ் படுக்கை இளைஞர்களுக்குச் சரி. அதை முழுக்க மூடிக்கொண்டு தூங்கினால் மூச்சுக் காற்றின் ஈரம் உள்ளே படிந்து காலையில் நனைந்திருக்கும், மேல் ஓரத்தைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இரவு மருந்தும் டார்ச்சும் பெற்றோரின் தலைமாட்டில் இருக்கட்டும். சப்பாத்துகளை வெளியே விடவேண்டாம், டிங்கோ நாய் தூக்கிப் போய்விடும். மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு வண்டியில் பிரித்து வையுங்கள்.

கேள்வி: அங்கே மழையே பெய்யாதே, சாலை மூடுவார்கள் என்கிறார்களே? (பெர்த் வாசகர்)

பதில்: அபூர்வமாகப் பெய்வதால்தான் மூட வேண்டியிருக்கிறது. வடிகால் இல்லாத களிமண் சாலை அது. ஐந்து, பத்து மில்லிமீட்டர் பெய்தாலே மேல் மண் சோப்பாகிவிடும். டயரின் பள்ளங்களில் களிமண் அடைந்து சக்கரம் வழவழப்பான உருளையாகிவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயனில்லை. அப்போது ஓட்டினால் விழும் தடம் காய்ந்து கல்லாகி, மறுபடி சாலையைச் சமன் செய்யும்வரை எல்லோரையும் படுத்தும். அதனால்தான் மூடிய சாலையில் போனால் கனமான அபராதம். தெற்கு ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையின் அவுட்பேக் சாலை நிலவரத்தைக் கிளம்பும் அன்று காலையிலும், ஒவ்வொரு ஊரிலும் பாருங்கள். கேம்ப் போட்ட இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் கூடாரத்தைப் பிரிக்காதீர்கள். உயரமான இடத்துக்கு வண்டியை நகர்த்திவிட்டு உட்காருங்கள். வெயில் வந்தால் ஓரிரு நாளில் காயும். இரண்டு நாள் இருப்புத் தண்ணீர் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

கேள்வி: பாம்பு கடித்தால்? (மெல்பர்ன் வாசகி)

பதில்: ஜூலையில் பாம்பு நடமாட்டம் மிகக் குறைவு. இருந்தாலும் வண்டிக்கு மூன்று, 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள, இழுபடும் பேண்டேஜ் வைத்திருங்கள். கடிபட்டவரை அங்கேயே படுக்க வைத்து, அசையவிடாதீர்கள். கடித்த இடத்தைக் கழுவக் கூடாது. தோலில் ஒட்டிய விஷம் பாம்பின் வகையைக் கண்டுபிடிக்க உதவலாம். கடிவாய் மேல் ஒரு சுற்று, பிறகு விரல் நுனிக்கு மேலிருந்து தொடங்கி, கை அல்லது கால் முழுவதையும் மேல்நோக்கிச் சுற்றுங்கள். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் விரலை எளிதில் நுழைக்க முடியாத இறுக்கம் வேண்டும். பேண்ட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே சுற்றலாம். பிறகு ஒரு கம்பையோ கூடாரத் தடியையோ அணை கொடுத்துக் கட்டி, கடித்த இடத்தைப் பேனாவால் குறித்து, 000 அழைத்து, உதவி வரும்வரை கட்டை அவிழ்க்காதீர்கள். 1928-இல் தொடங்கிய ராயல் ஃப்ளையிங் டாக்டர் விமானம் இந்தச் சாலையோர ஊர்களின் ஓடுதளங்களில் இறங்கும்.

இது ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கான முறை. நம் ஊர்க் கண்ணாடி விரியன் கடிக்கு இதைச் செய்யச் சொல்வதில்லை, அந்த விஷம் ஓரிடத்தில் தேங்கினால் தசையையே அழிக்கும். ரெட்பேக் சிலந்திக் கடிக்கும் கட்டு வேண்டாம், ஐஸ் ஒத்தடம் போதும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறை? (பெயர் வேண்டாம்)

பதில்: எல்லோரும் கேட்க நினைப்பதுதான். ஊர்களிலும் கவர்ட் ஸ்பிரிங்ஸிலும் உண்டு. மற்ற இடங்களில் மண்வெட்டி. நீர்நிலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, 20 சென்டிமீட்டர் ஆழம். காகிதத்தைப் புதைக்காமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், டிங்கோ தோண்டிவிடும். வெட் வைப்ஸ் மக்காது. கால் கழுவிப் பழகியவர்களுக்கு 600 மில்லி பாட்டில் போதும், அது 7 லிட்டர் கணக்கிலேயே அடங்கும்.

கேள்வி: என் மகன் மெல்பர்னில் இருக்கிறான். குடும்பத்தோடு இந்தப் பாலைவனப் பாதையில் போகிறானாம். 'நாலு நாள் போன் கிடைக்காதும்மா' என்று சாதாரணமாகச் சொல்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை. (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அம்மா, போன் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்கிற பிள்ளை யோசித்துத்தான் கிளம்புகிறான். நீங்கள் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள். எந்த இரவு எந்த இடம் என்று ஒரு தாளில். வண்டிகளின் நிறமும் எண்ணும். எந்த நாள், எத்தனை மணிக்குள் மார்லாவிலிருந்து கூப்பிடுவான் என்பது. அந்த நேரம் தாண்டினால் போலீஸுக்குச் சொல்லப்போகும் மெல்பர்ன் நண்பர் யார் என்பது. நீங்களே அழைக்க நினைக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியப் போலீஸின் 131 444 போன்ற எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. சொன்ன நேரத்துக்கு முன்னால் பதறவும் வேண்டாம். ஒரு டயர் கிழிந்தாலே அரை நாள் போய்விடும்.

அவனிடம் பி.எல்.பி என்ற கைக்கடக்கமான அவசரக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைச் சொல்லும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் செயற்கைக்கோள் அவசரச் செய்தியும் உண்டு, ஆனால் பேட்டரி தீர்ந்த போனில் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு சத்தியம் வாங்குங்கள்: வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்க மாட்டேன் என்று. இந்தப் பாலைவனத்தில் இறந்தவர்களில் பலர், தண்ணீரும் நிழலும் இருந்த வண்டியை விட்டுவிட்டு உதவி தேடி நடந்தவர்கள். விமானத்திலிருந்து கார் தெரியும், நடக்கும் மனிதன் தெரியமாட்டான்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டுப் போய்ப் பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: தண்ணீர். பூமிக்கடியில் இருக்கும் பெரிய ஆர்ட்டீசியன் படுகையின் நீர் இங்கே வரிசையாக ஊற்றெடுக்கிறது. இந்த மண்ணின் பழங்குடிகளான அரபானா மக்கள் அந்த ஊற்றுகளைத் தொட்டுத்தான் நடந்தார்கள், பிறகு 1872-இல் முடிந்த தந்திக் கம்பியும், 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டிய ரயிலும் அதே தடத்தைப் பிடித்தன. ரயில் 1980-இல் நின்றுவிட்டது, பாலங்களும் பாழடைந்த நிலையங்களும் மிச்சம். பப்ளர் என்ற ஊற்றில் மணல் அடியிலிருந்து கொதிப்பதுபோல் பொங்குவதைப் பார்க்கலாம். கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டியில் உட்காரலாம், பக்கத்தில் பேரீச்ச மரங்கள் நிற்கும். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஒட்டகங்களோடு வந்தவர்களின் தொழுகை இடத்தை, அதே மாதிரியில் மறுபடி கட்டியிருப்பதை, மரீயில் பார்க்கலாம். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் கட்டி தண்டா, அதாவது ஏர் ஏரியை, சாலையோர மேடையிலிருந்து பாருங்கள். படுகையில் இறங்காதீர்கள். அரபானா மக்களுக்கு அது புனித இடம், உப்புப் படலத்துக்குக் கீழே இருப்பது சேறு.

கேள்வி: நட்சத்திரம் பார்க்கத் தொலைநோக்கி வேண்டுமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம், அமாவாசையை ஒட்டிய தேதி மட்டும் வேண்டும். ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தெற்கு வானில் பாதி உயரத்தில்தான் வரும். நாம் திரிசங்கு என்று சொல்லும் சிலுவைக் கூட்டத்தின் நீண்ட அச்சை நாலரை மடங்கு நீட்டி, அங்கிருந்து நேராகத் தொடுவானத்துக்கு இறங்கினால் அதுவே தெற்கு. சிலுவையின் பக்கத்தில் இருக்கும் கரும்புள்ளியைத் தலையாகவும், கேட்டை வரை நீளும் கருமையை உடலாகவும் கொண்டு, ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலர் அங்கே ஓர் ஈமுவைப் பார்க்கிறார்கள். நட்சத்திரங்களை இணைத்து அல்ல, அவற்றுக்கு நடுவில் இருக்கும் இருட்டை வைத்து. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதற்குள் யாராவது காரின் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டரை மணிக்கே நாலு வண்டியிலும் உள்விளக்கை அணைத்து வைத்துவிடுங்கள்.